கணக்கில் வராத ஓவர்கள்

கிரிக்கெட்டில் ஸ்கோர் புத்தகத்தில் ஏறாத வேலை ஒன்று உண்டு. நெட் பவுலர் வேலை. நாளைக்கு மேட்ச் ஆடப்போகும் பேட்ஸ்மேன் இன்றைக்குக் கைபழக, வலைக்குள் பந்து போட்டுக்கொண்டே இருப்பவன் நெட் பவுலர். அவன் எடுக்கிற விக்கெட்டை யாரும் குறித்துவைப்பதில்லை. வாங்குகிற அடியையும் குறிப்பதில்லை. அந்த ஒரு சலுகை உண்டு. அணிப் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. டிஃபன் சொல்லும்போது மட்டும், "நெட் பவுலர்ஸையும் சேத்தா, இல்ல விட்டா?" என்று கேட்பார்கள்.

நான் வேகப்பந்து கற்றுக்கொண்டது அந்த வழியில்தான். கல்லூரி அணிக்கு எடுக்கப்படாமல், எடுக்கப்பட்டவர்களுக்குப் பந்து போடப் போனேன். பல வருஷம் போட்டேன். இன்றைக்குச் சென்னை லீகின் கீழ் டிவிஷன் ஒன்றில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடுகிறேன். அந்தக் கம்பெனியிலேயே சம்பளமும் வாங்குகிறேன். டிவியில் வருகிற ஆள் இல்லை. ஆனால் பந்து வீசித்தான் சாப்பிடுகிறேன். பிள்ளையார்பாளையத்துக்கு வரும்போதெல்லாம் தெருப் பையன்கள் சூழ்ந்துகொண்டு, "எப்டிண்ணா உள்ள போறது?" என்று கேட்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

பாவு எடுத்த பிறகு

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிச் சத்தம் அதிகம் கேட்கிற பகுதிகளில் பிள்ளையார்பாளையம் ஒன்று. எங்கள் வீட்டு முன்கட்டில் குழித்தறி. அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அம்மா துணைக்கு. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒற்றை ஆள் நெய்ய முடியாது. ஒரு பக்கத்து நாடாவை ஓட்டித்தர இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்தத் துணை. எங்கள் தலைமுறை பள்ளிக்கூடம் போனது. என் பங்குக்கு வந்தது தார் சுற்றுவதும், விடியற்காலையில் பாவு பிடிப்பதும்.

பாவு என்றால் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு குடும்பத்தின் பல வாரப் பிழைப்பு அந்த நேரத்தில் தெருவில் கிடக்கும். அது இருக்கும்வரை பந்தை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்த பையனை எந்த வீட்டுப் பெரியவரும் அடிக்கலாம். எந்த அம்மாவும் கேட்க மாட்டாள்.

பாவு எடுத்ததும் தெரு எங்களுடையது. இரண்டு பக்கமும் திண்ணை, ஜன்னல், சாத்திவைத்த சைக்கிள்கள். பக்கவாட்டில் அடித்தால் அவுட். ஆகவே ரன் என்று ஒன்று இருந்தால் அது நேரே அடித்தால்தான். பந்து போடுகிறவனுக்கு அதனால் ஒரே வழி: பேட்டைத் தூக்கவே விடாமல் கால்விரலைப் பார்த்துப் போடுவது. எங்கள் தெருவில் பந்து போட்ட எல்லோருக்கும் யார்க்கர் வரும். யாரும் சொல்லித்தரவில்லை, தெருவின் அகலம் சொல்லித்தந்தது.

அமாவாசைக்குத் தறி நிற்கும். அன்றைக்குப் பெரியவர்களும் ஆட வருவார்கள். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினாலும் தறி நிற்கும். அந்த லீவில் யாருக்கும் ஆட மனசிருக்காது. சேலை இறங்கினால்தான் கூலி. இந்தக் கணக்கைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது.

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த 2017 பிப்ரவரியில், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் டி. நடராஜனை ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம். எங்கள் தெருவில் தொகையைவிட அதிகம் பேசப்பட்டது அவருடைய வீடு. அப்பா சேலை நெய்யும் கூடத்தில் கூலி வேலை. அம்மா ரோட்டோரத்தில் கடை வைத்திருந்தார். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடியிருக்கிறார். தெருவில் யார்க்கர் போடுகிற ஒவ்வொருவனும் அன்று ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டான்.

பட்டியலில் இல்லாதவன்

சென்னைக் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒரு வாசல் இருக்கிறது. மாவட்ட அணிக்கோ மாநில அணிக்கோ ஆடிய சான்றிதழ் இருந்தால் சீட் கிடைக்கும். பல இடங்களில் ஃபீஸ் தள்ளுபடி, ஹாஸ்டல், ஷூ, கிட் எல்லாமும் கிடைக்கும். என்னிடம் சான்றிதழ் இல்லை. பதிவான மேட்ச் எதிலும் நான் ஆடியதில்லை. தோல் பந்தைக் கையில் பிடித்ததே அபூர்வம். மார்க்கை வைத்து பி.காம். சேர்ந்தேன். ஃபீஸ் கட்டினோம்.

அணித் தேர்வுக்கு வந்தவர்கள் காலில் ஸ்பைக்ஸ். என் காலில் கான்வாஸ். கையில் பந்தைக் கொடுத்தார்கள், போட்டேன், "சரி, நெக்ஸ்ட்" என்றார்கள். போர்டில் ஒட்டின பட்டியலில் என் பெயர் இல்லை. விளையாட்டு ஆசிரியரிடம் போய், "சார், நெட்ல பந்து மட்டும் போட வரலாமா?" என்று கேட்டேன்.

"வரலாம். ஆனா டி.ஏ. கிடையாது, டிஃபன் கிடையாது. கேட்டுட்டு நிக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார்."

இந்த மாதிரி உள்ளே போவதற்கு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளில் 'வாக்-ஆன்' என்று பெயர். அழைப்பும் உதவித்தொகையும் இல்லாமல், தன் செலவில் படித்துக்கொண்டு, அணியோடு பயிற்சி செய்கிறவர் வாக்-ஆன். பெரும்பாலும் மெயின் அணிக்கு எதிராளியாக நின்று இடிபடுவதுதான் அவர் வேலை. அப்படி வந்து பெரிய ஆளானவர்களில் ஒருவர் ஜே.ஜே. வாட். வேறொரு கல்லூரியில் கையிலிருந்த உதவித்தொகையை விட்டுவிட்டு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். இடையில் பீட்சா டெலிவரி வேலை பார்த்தார். 2011-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் தேர்வில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. அதன்பிறகு மூன்று முறை என்எஃப்எல்-இன் சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கினார். பேக்கர் மேஃபீல்ட் இரண்டு பல்கலைக்கழகங்களில் வாக்-ஆனாக நுழைந்தவர். 2018-இல் அதே என்எஃப்எல் தேர்வில் நாடு முழுக்க முதலாவதாகத் தேர்வானார். இவர்களைப் பற்றி நான் படித்தது ரொம்பப் பின்னால். அந்த நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மதியம் வகுப்பு முடிந்ததும் கிரவுண்டுக்கு ஓடுவதும், ராத்திரி கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் வரும் ரயிலைப் பிடிப்பதும்தான்.

பழைய பந்து

டென்னிஸ் பந்தின் எடை அறுபது கிராமுக்குள். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. இந்த வித்தியாசம் பந்தைக் கையில் வாங்கியபோது தெரியவில்லை. மறுநாள் காலையில் தோளில் தெரிந்தது. டென்னிஸ் பந்தைக் கைவேகத்தால் மட்டுமே விரட்டிவிடலாம். தோல் பந்துக்கு உடம்பு முழுக்க வேலை செய்ய வேண்டும். ஓடிவருகிற வேகம் முன்காலில் வந்து முட்டி நின்று, இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறி, விரலில் போய் முடிய வேண்டும். முன்கால் முட்டி மடங்கினால் வேகம் அங்கேயே செத்துவிடும். மடங்காமல் ஊன்றினால் உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் காலிலும் முதுகிலும் இறங்கும். வேகமாக வீசுகிற பையன்கள் இருபது வயதுக்குள்ளேயே முதுகெலும்பில் கீறல் விழுந்து படுப்பது இதனால்தான்.

எங்கள் நெட்டைப் பார்த்துக்கொண்ட கோச் ஒரு காலத்தில் லீக் ஆடியவர். பட்டியலில் இருந்தவர்களைத்தான் அவர் பார்க்க வேண்டும். என்னைப் பார்க்கச் சொல்லி அவருக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, பந்தைக் கீழ வை. சும்மா ஓடி வா."

வெறுங்கையோடு ஓடினேன். நிறுத்தி, கோடு கிழித்து, மறுபடி ஓடச் சொன்னார். ஓட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் முடியவில்லை என்றால் மற்றது எதுவும் சரியாக வராது என்பது அவர் கட்சி. பல வாரங்களுக்குப் பிறகுதான் பேச்சு மணிக்கட்டுக்கு வந்தது. பழைய பந்தின் தையலைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தார். பந்து கையைவிட்டுப் போகும்போது அந்தக் கறுப்புப் பட்டை நேராக நின்று சுழல வேண்டும். தள்ளாடினால் மணிக்கட்டு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சொல்லித்தர ஆள் வேண்டாம், பந்தே காட்டிக்கொடுத்துவிடும். ரயிலிலும் அந்தப் பந்து என் கையில் இருக்கும். இரண்டு விரல் தையலின் மேல், கட்டைவிரல் அடியில்.

நெட்டில் ஒரு சாதி வரிசை உண்டு. புதுப் பந்து அணி பவுலர்களுக்கு. நெட் பவுலனுக்கு உப்பிப்போன, ஒரு பக்கம் உரிந்த, தையல் தேய்ந்த பந்து. முதலில் அது அவமானமாக இருந்தது. பிறகு யோசித்தால் கணக்கு வேறு. புதுப் பந்து தானாகவே ஏதாவது செய்யும். பிட்ச்சில் பட்டு ஒரு விரற்கடை நகரும், எழும்பும். பழைய பந்து ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் நாம்தான் செய்ய வேண்டும். வேகத்தைக் குறைத்து விரலால் அறுப்பது, பளபளப்பான பக்கம் எது என்று பார்த்துப் பிடிப்பது, கடைசியில் எதுவும் வேலைக்கு ஆகாதபோது காலடியில் யார்க்கர் இறக்குவது. ஆட்டத்தின் கடைசி ஓவர்களில் பந்து அந்த நிலையில்தான் இருக்கும். மற்றவர்கள் மாதத்தில் இரண்டு மேட்சின் கடைசி ஓவர்களில் பழகியதை நான் தினமும் பழகினேன்.

இன்னொன்று: நெட் பவுலன் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. "தம்பி, ஷார்ட் போடு." "வெளிய போற மாதிரி போடு." "யார்க்கர் ட்ரை பண்ணு, ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய." நாளைக்கு எதிரணியில் எந்த பவுலர் வரப்போகிறாரோ அவரைப்போலப் போடச் சொல்வார்கள். மேட்சில் ஒரு பவுலர் தனக்கு வருவதைப் போடுவார். நெட்டில் கேட்டதைப் போட வேண்டும், கேட்ட இடத்தில் போட வேண்டும். இடம் தப்பினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். பந்தை நினைத்த இடத்தில் விழவைக்கும் வித்தை எனக்குப் பிடிபட்டது இந்தக் கட்டளைகளால்தான்.

வலையில் அம்பயர் கிடையாது. அதனால் எல்லோருடைய முன்காலும் மெல்ல மெல்லக் கோட்டைத் தாண்டிப் போகும். அரையடி தாண்டிப் போட்ட யார்க்கர் மேட்சில் நோ-பால். பிட்ச் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். தினமும் எனக்காகச் சுண்ணாம்பில் கோடு போட்டுத்தருவார். ஷூ அடியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் சிரிப்பார்.

வீட்டில் ஒருநாள் புலம்பினேன். ஒரே பந்து, ஒரே இடம், நாள் முழுக்க. அப்பா தறியைவிட்டு எழாமலே சொன்னார்: "பலகை அடி ஒரு இடத்துல கொஞ்சம் கூடினாலும், கொறஞ்சாலும், சேலையை விரிச்சா அந்த இடத்துல கோடு தெரியும்டா. வாங்கறவங்க கண்ணு நேரா அங்கதான் போவும். உன் பந்தும் அப்டித்தான் போல." கிரிக்கெட் பற்றி அவர் என்னிடம் பேசியது அநேகமாக அவ்வளவுதான். ஆனால் எல்லாக் கோச்களும் சொன்னதைவிட அது எனக்குப் பயன்பட்டது. எப்போதாவது விழும் நல்ல பந்தை நான் எண்ணுவதை நிறுத்தினேன். பிசகினதை எண்ண ஆரம்பித்தேன்.

கான்பெராவில் ஒரு நெட் பவுலர்

2020-இல் கல்லூரி மூடியது, லீக் நின்றது, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) நடக்கவில்லை. கல்யாணங்கள் சுருங்கியதால் பட்டுக்கு ஆர்டரும் நின்றது. எல்லோரும் வீட்டிலேயே இருந்தோம். அந்த வருஷக் கடைசியில்தான் நடராஜன் கதை முழுசாக விளங்கியது.

அவருடைய பாதையில் 3 கோடி என்பது ஒரு நிறுத்தம்தான். ஊரில் அவரை அடையாளம் கண்டவர் ஜெயப்பிரகாஷ். சென்னைக்கு அழைத்துவந்து லீக் ஆட வைத்ததும் அவர்தான். கீழ் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷன் கிளப்பான ஜாலி ரோவர்ஸ்வரை ஏறினார் நடராஜன். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். உடனே அவருடைய வீச்சின் மேல் சந்தேகம் கிளம்பியது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. வீச்சையே பிரித்துத் திரும்பக் கட்டினார். 2016-இல் தொடங்கிய டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்காகப் போட்ட யார்க்கர்கள்தான் 2017 ஏலத்துக்கு அழைத்துப்போயின. 2018-இல் சன்ரைசர்ஸ் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த சீசனும் அடுத்த சீசனும் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. இரண்டு வருஷம் நெட்டில் பந்து போட்டார்.

2020 ஐபிஎல்லில் 16 விக்கெட். எலிமினேட்டரில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பறித்த யார்க்கரை எங்கள் தெருவில் பார்க்காத போன் இருந்திருக்காது. அப்படியும் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் அறிவித்தபோது அவர் கூடுதலாக அழைத்துச் செல்லப்பட்ட நான்கு பந்துவீச்சாளர்களில் ஒருவர். நெட் பவுலர். டி20 அணியில் இருந்த வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். அந்த இடம் நடராஜனுக்கு வந்தது. ஒருநாள் அணியிலும் சேர்க்கப்பட்டு, டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் போட்டி அறிமுகம், முதல் விக்கெட் லபுஷேன். டிசம்பர் 4 அதே ஊரில் டி20. வரிசையாகப் பவுலர்கள் காயப்பட, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்காத ஆஸ்திரேலியா அந்த மேட்சில் தோற்றது.

"பாத்தியா, நெட் பவுலருக்கும் நாள் வரும்" என்று ஆளாளுக்கு மெசேஜ் அனுப்பினார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறு ஒன்று உறுத்தியது. அவர் சட்டையின் முதுகில் இருந்த எழுத்துகள்: ஜே.பி. நட்டு. ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ்.

யார் சுமப்பது

பந்து வீசக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் காலத்தை யார் காசில் கழிப்பது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

மொறப்பாக்கம் எம்.ஜே. கோபாலனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர், 1909-இல் பிறந்தவர். காஞ்சிபுரமும் அன்றைக்கு அந்த ஜில்லாதான். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்சில் முதல் பந்தை வீசியவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்குப் போனார். அவருடைய வேகத்தைப் பார்த்து வியந்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் இரண்டு காரியம் செய்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேர்த்துவிட்டார். பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக்கொடுத்தார். இரண்டாவது காரியம் இல்லாமல் முதல் காரியம் எத்தனை நாள் ஓடியிருக்கும்? சென்னையில் கம்பெனிகளும் வங்கிகளும் கிளப் நடத்தி, ஆடுகிறவனுக்கு வேலை கொடுக்கும் வழக்கம் இன்றுவரை இங்கே கிரிக்கெட்டைத் தாங்குகிறது.

நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் இருந்தார். வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, அதைவிட்டு கிளப் கிரிக்கெட்டுக்கு வந்தவர். வேகப்பந்து போட்டு முட்டியில் அடிபட்டு, சுழலுக்கு மாறினார். ஐபிஎல் அணிகளுக்கு நெட் பவுலராகப் போனார். 2018 டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 9 விக்கெட் எடுத்தார். விழுந்தால் திரும்பிப் போக அவருக்கு ஒரு பட்டம் இருந்தது. ஜே.ஜே. வாட்டின் அப்பா தீயணைப்பு வீரர். உதவித்தொகையை விட்ட பிறகு படிப்புச் செலவு பெற்றோர் தலையில்தான்.

எனக்கு அக்கா. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. விடிகாலை ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும்போது இன்னும் இருட்டாக இருக்கும். என் வயசுப் பையன்களில் பாதிப் பேர் அதே பஸ்களில் ஏறிவிட்டார்கள். தறியில் உட்கார ஆளில்லை, உட்காருவதற்குக் கூலியும் பத்தவில்லை. கல்லூரி முடிந்ததும் நானும் ஏறியிருக்க வேண்டும். அப்பா கேட்டது நியாயமான கேள்வி: "கூலி இல்லாம ஒருத்தன் எத்தினி வருஷம் வேலை கத்துக்குவான்?"

அக்காதான் சொன்னாள். "இன்னும் ரெண்டு வருஷம் போட்டும்பா. அதுக்கப்புறமும் எவனும் கூப்பிடலன்னா நானே இவனை பஸ்ல ஏத்திவுட்றேன்." ஷூ அவள் வாங்கிக்கொடுத்தது. முதுகு பிடித்துக்கொண்டு நான் படுத்த மாதங்களில் ஸ்கேனுக்குப் பணம் கட்டியது அவள். பட்டியலில் இருப்பவனுக்கு வலி வந்தால் ஃபிசியோ வருவார். நெட் பவுலனுக்கு வலி வந்தால் வேறு நெட் பவுலன் வருவான்.

2022-இல் ஒரு டிஎன்பிஎல் அணியின் முகாமுக்கு நெட் பவுலராகக் கூப்பிட்டார்கள். தங்கும் இடம், சாப்பாடு, தினப்படி. பந்து போட்டதற்கு என் கையில் விழுந்த முதல் காசு அது. ஸ்டம்ப்புக்கு வெளியே விழும் யார்க்கரை எப்படி அடிப்பது என்று பழகிக்கொண்டிருந்த ஒரு மூத்த பேட்ஸ்மேன், மற்ற பவுலர்களை அனுப்பிவிட்டு என்னையே போடச் சொன்னார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சொன்ன இடத்தில் விழுந்தது. எனக்கு வேகம் அதிகம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகாம் முடிந்து கொஞ்ச நாளில், லீகில் அணி வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. முதலில் மேட்சுக்கு மட்டும், பிறகு வேலையோடு. நியமனக் கடிதத்தை அக்கா ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பா அதை வாங்கிச் சம்பளம் எழுதியிருந்த வரியை மட்டும் படித்தார்.

பையன்களுக்கு

இப்போது காலையில் ஆபீஸ், மதியத்துக்கு மேல் பிராக்டிஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச். எங்கள் அணியில் புதுப் பந்து என் கைக்கு வருகிறது. ஆனாலும் கேப்டன் என்னை வைத்திருப்பது கடைசி ஓவர்களுக்காகத்தான்.

தெருப் பையன்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பள்ளியில் இருக்கும்போதே மாவட்ட சங்கத்தில் பதிவான ஏதாவது ஒரு கிளப்பில் பெயரைக் கொடுங்கள். காகிதத்தில் பெயர் இல்லாதவனுக்குத் தாமதமாகும். தெருவில் பழகிய யார்க்கரை விட்டுவிடாதீர்கள். தோல் பந்துக்கு மாறும்போது அதுதான் கையிருப்பு. டிகிரியை முடியுங்கள். கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். எத்தனை வருஷம், யார் செலவில், அதற்குப் பிறகு என்ன என்று. திறமை இருந்தால் தானாக வழி பிறக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எங்கள் நெட்டில் என்னைவிட வேகமாகப் போட்ட ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. அவனும் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறான், பந்து இல்லாமல்.

அணிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நெட்டில் பந்து போடுவது வேலை. நாள் முழுக்க வெயிலில் ஓடுகிற வேலை. அதற்குக் கூலி கொடுக்கலாம். எங்கள் அணியில் இரண்டு பேரும் நானுமாக நிர்வாகத்திடம் பேசி, நெட் பவுலர்களுக்கு டிஃபனும் பஸ் காசும் வாங்கிவிட்டோம். முதுகுவலி என்றால் அணியின் ஃபிசியோவே அவர்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கும் சம்மதித்திருக்கிறார்கள். தினக்கூலிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் மறுபடி போய்க் கேட்கப்போகிறோம்.